நடுவில் ஒன்று போனால்: அரேயின் எண்களை மறுபடி அடுக்கும் வேலை

பிஎச்பி மொழியில் ஐந்து பொருள்கள் கொண்ட ஒரு அரே இருக்கிறது: அரிசி, பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய். அவற்றின் கீகள் 0 முதல் 4 வரை. எண்ணெய் கையிருப்பில் இல்லை என்று தெரிந்து, நிரலாளர் ‘அன்செட்’ போட்டு 2 என்ற கீயைத் தூக்கிவிடுகிறார். மிச்சமிருக்கும் நான்கு பொருள்களின் கீகள் 0, 1, 3, 4. புளி தன் 3-ஐ விட்டு நகரவில்லை. மிளகாயும் 4-லேயே இருக்கிறது. நடுவில் ஒரு ஓட்டை.

இதுவரை யாருக்கும் தொந்தரவில்லை. ஃபோர்ஈச் லூப் போட்டால் நான்கும் வரிசையாக வரும்; எண்ணிப் பார்த்தால் நான்கு என்றே சொல்லும். அரே சர்வரை விட்டு வெளியே கிளம்பும்போதுதான் வினை தொடங்குகிறது. ஓட்டை இல்லாத அரேயை ஜேசானாக மாற்றினால் ["அரிசி","பருப்பு","எண்ணெய்","புளி","மிளகாய்"] என்று சதுர அடைப்புக்குள் ஒரு பட்டியல் கிடைக்கும். ஓட்டை விழுந்ததை மாற்றினால் கிடைப்பது வேறு: {"0":"அரிசி","1":"பருப்பு","3":"புளி","4":"மிளகாய்"}. அடைப்பே மாறிவிட்டது. கீகள் 0-வில் தொடங்கி இடைவெளி இல்லாமல் ஏறுவரிசையில் இருந்தால் மட்டுமே அது பட்டியல், இல்லாவிட்டால் ஆப்ஜெக்ட். பிஎச்பியின் ஜேசான் விதி இது. மறுமுனையில் இருக்கும் ஆண்ட்ராய்டு ஆப், பட்டியலுக்குக் காத்திருந்த இடத்தில் ஆப்ஜெக்ட் வந்திருக்கிறதே என்று எரர் அடித்து நின்றுபோகும்.

இந்தப் பக்கின் உண்மையான குறும்பு, அது எப்போதும் வராது என்பதுதான். பட்டியலின் கடைசிப் பொருளை நீக்கிச் சோதித்தால் கீகள் 0, 1, 2, 3 என்றே நிற்கும். ஜேசான் சரியாக வரும். எதையுமே நீக்காமல் சோதித்தாலும் சரியாக வரும். முதலிலோ நடுவிலோ ஒன்று போனால்தான் உடையும். அலுவலகத்தில் நாலு பேர் தட்டிப் பார்த்தபோதெல்லாம் ஓடிய ஆப், வாடிக்கையாளர் கைக்குப் போன பிறகு, அதுவும் சிலரிடம் மட்டும் விழும். சர்வர் லாகில் ஒரு வரிகூட இருக்காது, ஏனென்றால் சர்வரைப் பொறுத்தவரை எந்தத் தவறும் நடக்கவில்லை.

தீர்வு ஒரே ஒரு ஃபங்ஷன்: ‘அரே_வேல்யூஸ்’. கொடுத்த அரேயின் மதிப்புகளை இருக்கிற வரிசையிலேயே எடுத்து, 0-விலிருந்து புதிதாக எண்ணிட்டுத் திருப்பித் தரும். வேலை அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வரியை எங்கே போட வேண்டும், எங்கே போடவே கூடாது என்ற கேள்வி பெரியது. ஏறத்தாழ எல்லா நிரல்மொழிகளும் அதற்கு ஏதோ ஒரு பதிலைச் சொல்லியிருக்கின்றன. பதில்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை.

கேள்வியைச் சுருக்கமாக இப்படி வைக்கலாம். அரேயில் இருக்கும் எண், பொருளின் இடத்தைச் சொல்கிறதா, பொருளையே அடையாளம் காட்டுகிறதா? ரேஷன் கடை வரிசையில் மூன்றாவதாக நிற்பவர், முன்னால் ஒருவர் விலகினால் இரண்டாவது ஆகிவிடுவார். அவர் கையிலிருக்கும் அட்டையின் எண் அதற்காக மாறாது. இடத்தைக் குறிக்கும் எண்ணை மாற்றாமல் விட்டால் ஓட்டை விழும். அடையாளமான எண்ணை மாற்றினால் அட்டை வேறொருவர் பெயருக்குப் போய்விடும். இரண்டும் தவறுதான், ஆனால் இரண்டாவதன் சேதம் பெரிது.

பெரும்பாலான மொழிகள் இந்த இரண்டு வேலைக்கும் இரண்டு பாத்திரங்களை வைத்திருக்கின்றன. பைத்தானில் இடத்துக்கு லிஸ்ட், அடையாளத்துக்கு டிக்ஷனரி. ரூபியில் அரேயும் ஹாஷும். கோ மொழியில் ஸ்லைஸும் மேப்பும். பிஎச்பியோ ஒன்றையே வைத்துக்கொண்டது. ரஸ்மஸ் லெர்டார்ஃப் 1995-இல் தன் சொந்த இணையப் பக்கத்துக்காகச் செய்த கருவிகளை வெளியிட்டபோது அது ஒரு முழு மொழியாக வளரும் என்று யாரும் திட்டமிடவில்லை. அப்படி வளர்ந்ததில் அரே என்பது சேர்த்த வரிசையை மறக்காத ஹாஷ் டேபிள் ஆயிற்று. கீயாக முழு எண்ணும் வரலாம், எழுத்துச் சரமும் வரலாம். ஒரே அரேயில் இரண்டும் கலந்தும் வரலாம். புதிதாகத் தொடங்குபவருக்கு இது பெரிய வசதி: ஒரே ஒரு அமைப்பைக் கற்றால் போதும், பட்டியல், அகராதி, அடுக்கு, மரம் எல்லாம் அதிலேயே கட்டலாம். அதற்கு விலையும் உண்டு. இந்த அரே இப்போது பட்டியலா, அகராதியா என்று மொழி சொல்லாது. எழுதியவர்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

‘அன்செட்’ கீகளை நகர்த்தாததற்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது. உள்ளே இருப்பது ஹாஷ் டேபிள். 3 என்பது அங்கே ஒரு கீ. அது மூன்றாம் இடமா, மூன்றாம் எண் வாடிக்கையாளரா என்று ‘அன்செட்’டுக்குத் தெரியாது. தெரியாதபோது தொடாமல் விடுவதே மரியாதை. இதைக் குறை என்று எழுதுபவர்கள் உண்டு. அது சரியான முடிவு என்றே சொல்ல வேண்டும்.

பலர் கவனிக்காத இன்னொரு நினைவாற்றலும் இந்த அரேக்கு உண்டு. கீ சொல்லாமல் ஒரு பொருளைச் சேர்த்தால், அடுத்த எண் எது என்பதை அரே தனியாகக் குறித்து வைத்திருக்கிறது. 0, 1, 2 என்று மூன்று பொருள்கள் இருக்கையில் 2-ஐ ‘அன்செட்’ செய்துவிட்டுப் புதிதாக ஒன்றைச் சேர்த்தால், அது 2-இல் உட்காராது. 3-இல் போய் உட்காரும். கடைசியைத்தானே நீக்கினோம், ஓட்டை விழாது என்று நம்பியவருக்கும் ஓட்டை விழுந்துவிடும். அதே கடைசிப் பொருளை ‘அரே_பாப்’ மூலம் எடுத்திருந்தால் குறிப்பும் ஒரு படி இறங்கியிருக்கும். புதியது 2-லேயே அமர்ந்திருக்கும். எதிர்ம எண்களில் இந்தக் கணக்கு நெடுநாள் விசித்திரமாக இருந்தது: −5 என்ற கீயில் ஒன்றை வைத்துவிட்டு அடுத்ததைச் சேர்த்தால் அது 0-வுக்குத் தாவும். 2023-இல் வந்த 8.3 பதிப்பில்தான் அது −4 ஆயிற்று.

சரி, எந்த ஃபங்ஷன் எண்களை மாற்றும், எது மாற்றாது? இங்கேதான் பிஎச்பியைக் கடிந்துகொள்ள நியாயமான காரணம் இருக்கிறது. ‘அரே_ஃபில்டர்’ கீகளைக் காக்கும். மேலே சொன்ன ஜேசான் பக்குகளில் பெரும்பாலானவை இதன் வழியாகவே வருகின்றன. ‘அரே_யூனிக்’, ‘அரே_டிஃப்’ இரண்டும் காக்கும். ‘அரே_ஷிஃப்ட்’, ‘அரே_ஸ்ப்ளைஸ்’ இரண்டும் எண் கீகளைப் புதிதாக இடும். ‘அரே_ஸ்லைஸ்’, ‘அரே_ரிவர்ஸ்’ இரண்டும் தாமாக விட்டால் மாற்றும்; காக்கச் சொல்லித் தனியாக ஒரு ட்ரூ கொடுத்தால் காக்கும். ‘அரே_மேப்’ இன்னும் வேடிக்கை: ஒரு அரே கொடுத்தால் கீகள் அப்படியே வரும், இரண்டு அரே கொடுத்தால் 0-விலிருந்து வரும். ‘சார்ட்’ எல்லாக் கீகளையும் தூக்கி எறியும். முன்னால் ஒரே ஒரு எழுத்து சேர்ந்த ‘ஏசார்ட்’ எதையும் எறியாது. பெயரைப் பார்த்து இதில் எதையும் ஊகிக்க முடியாது. மனப்பாடம் செய்யலாம், அல்லது ஒவ்வொரு முறையும் கையேட்டைத் திறக்கலாம். பத்து வருட அனுபவம் உள்ளவர்களும் இரண்டாவதைத்தான் செய்கிறார்கள்.

எண்களை மாற்றாமல் விட்டதால் வரும் பிழை ஆப்பை நிறுத்திவிடும். அதனால் விரைவிலோ தாமதமாகவோ கண்ணில் படும். மாற்றக் கூடாத இடத்தில் மாற்றியதால் வரும் பிழை சத்தமே போடாது. ஒரு நிறுவனத்தின் விற்பனைக் கணக்கு ஆண்டுவாரியாக அரேயில் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: 2023-க்கு 40, 2024-க்கு 55. இன்னொரு அரேயில் 2025-க்கு 60. இரண்டையும் சேர்க்க வேண்டும். ‘அரே_மெர்ஜ்’ என்ற பெயரே அதற்காகப் பிறந்ததுபோல் இருக்கிறது. ஓட்டினால் வருவது 0-க்கு 40, 1-க்கு 55, 2-க்கு 60. ஆண்டுகள் காணோம். மதிப்புகள் மூன்றும் பத்திரமாக இருக்கின்றன, எரர் இல்லை, எச்சரிக்கை இல்லை. ‘அரே_மெர்ஜ்’ஜுக்கு எண் கீ என்றாலே இடம், சரக் கீ என்றால் மட்டுமே அடையாளம்.

ஆண்டை மேற்கோள் குறிக்குள் போட்டுச் சரமாக்கினால் தப்பலாமா என்றால், அதுவும் முடியாது. "2024" என்று சரமாகக் கொடுத்தாலும் பிஎச்பி அதை 2024 என்ற முழு எண்ணாக மாற்றித்தான் கீயாக வைக்கும். "08" போல் முன்னால் சுழியம் இருந்தால் சரமாகவே விடும். ஆக, பொருள்களின் குறியீட்டு எண்கள் "0417", "1032" என்று இருக்கும் ஒரு பட்டியலை ‘அரே_மெர்ஜ்’ஜில் போட்டால், பாதிப் பொருள்கள் தம் எண்ணோடு வரும், மீதிப் பாதி 0, 1, 2 என்று மாறி வரும். இப்படி ஒரு வெளியீட்டைப் பார்ப்பவர் தரவுத்தளத்தைச் சந்தேகிப்பார், இணைய வேகத்தைச் சந்தேகிப்பார். ‘அரே_மெர்ஜ்’ மேல் சந்தேகம் விழ நேரமாகும்.

அடையாளம் காக்க வேண்டிய இடத்தில் ‘அரே_ரிப்ளேஸ்’ இருக்கிறது. வெறும் கூட்டல் குறியும் இருக்கிறது. கூட்டல் குறி இடப்பக்கத்துக்கு முன்னுரிமை தரும்: ஒரே கீ இரண்டிலும் இருந்தால் இடது நிற்கும். அதையே பட்டியல்களில் பயன்படுத்தினால் மறுபடி வம்பு. இடதில் இரண்டு பொருள், வலதில் மூன்று பொருள் உள்ள பட்டியல்களைக் கூட்டினால் ஐந்து வராது, மூன்றுதான் வரும். வலதின் முதல் இரண்டும் காணாமல் போயிருக்கும்.

ஜெனரேட்டர்களிலும் இதே சிக்கல் வேறு வடிவில் இருக்கிறது. ஒரு ஜெனரேட்டர் ‘ஈல்ட் ஃப்ரம்’ மூலம் இன்னொன்றிலிருந்து மூன்று மதிப்புகளை வாங்கித் தருகிறது. பிறகு தன் மதிப்பு ஒன்றைத் தருகிறது. உள்ளே இருப்பதன் கீகள் 0, 1, 2. வெளியே இருப்பதன் கணக்கு தனி. அதுவும் 0-வில்தான் தொடங்கும். லூப் போட்டு அச்சிட்டால் நான்கும் தெரியும். ‘இட்டரேட்டர்_டு_அரே’ போட்டு அரேயாக்கினால் மூன்றுதான் இருக்கும், ஏனென்றால் கடைசி மதிப்பு 0 என்ற கீயில் ஏறி முதலாவதை அழித்துவிட்டது. அந்த ஃபங்ஷன் இயல்பாகவே கீகளைக் காப்பது. காக்காதே என்று சொல்லி ஃபால்ஸ் கொடுத்தால்தான் நான்கும் பிழைக்கும்.

இணையப் படிவங்களில் இந்தக் குழப்பம் நிரலாளரின் கை படாமலேயே நடக்கும். ஊழியர் பட்டியல் ஒன்று திரையில் இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் பெயருக்கு ஒரு பெட்டி, ‘பணியில் உள்ளார்’ என்று ஒரு செக்பாக்ஸ். பெட்டிகளின் பெயருக்குப் பின்னால் வெற்றுச் சதுர அடைப்பு போட்டால், பிஎச்பி அவற்றை அரேயாக்கித் தரும். பெயர்கள் ஐந்தும் 0 முதல் 4 வரை வந்து சேரும். ஆனால் டிக் செய்யாத செக்பாக்ஸை பிரௌசர் அனுப்புவதே இல்லை. முதலாமவருக்கும் மூன்றாமவருக்கும் டிக் இல்லை என்றால், வந்து சேரும் மூன்று டிக்குகள் 0, 1, 2 என்று எண்ணிடப்படும். இரண்டு அரேகளையும் இணையாக வைத்துப் படித்தால், விடுப்பில் இருக்கும் முதலாமவர் பணியில் இருக்கிறார், வேலை பார்க்கும் ஐந்தாமவர் இல்லை. அடைப்புக்குள் ஊழியரின் எண்ணை நாமே எழுதி அனுப்பினால் தீர்ந்தது. பழைய பிஎச்பி நிரல்களைப் பழுதுபார்ப்பவர்கள் இந்த வெற்று அடைப்பைக் கண்டால் முதலில் அங்கேதான் கை வைக்கிறார்கள்.

மற்ற மொழிகளின் பக்கம் திரும்பினால், பாத்திரத்தைப் பிரித்து வைத்தவர்களும் முழுக்கத் தப்பவில்லை என்று தெரிகிறது. ஜாவாஸ்கிரிப்டில் ‘ஸ்ப்ளைஸ்’ போட்டால் பின்னால் உள்ளவை முன்னால் நகரும். ‘டெலீட்’ போட்டால் ஓட்டை விழும், நீளமும் குறையாது. 10, 20, 30 என்ற அரேயில் நடுவில் உள்ளதை ‘டெலீட்’ செய்தால் நீளம் இன்னும் 3. ‘ஃபார்ஈச்’ அந்த ஓட்டையைத் தாண்டிப் போகும். ஜேசானாக்கினால் அங்கே நல் வந்து நிற்கும். கூகுளின் வி8 என்ஜின் ஓட்டையுள்ள அரேயை வேறு வகையாகவே நடத்துகிறது. ஒருமுறை அந்த வகைக்குப் போன அரே, ஓட்டையை அடைத்தாலும் பொதுவாகப் பழைய வகைக்குத் திரும்பாது.

பிஎச்பியும் ஜாவாஸ்கிரிப்டும் சந்திக்கும் இடத்தில் இன்னொரு பொறி உண்டு. சர்வரில் விலை வாரியாக வரிசைப்படுத்தி, பொருளின் எண்ணையே கீயாக வைத்து அனுப்புகிறார்கள்: முதலில் 31, பிறகு 7, பிறகு 12. ஜேசான் உரையில் அந்த வரிசை அப்படியே இருக்கும். பிரௌசரில் அது ஆப்ஜெக்ட்டாக விரிந்ததும் 7, 12, 31 என்று மாறிவிடும். எண் போன்ற கீகளை ஏறுவரிசையில் முதலில் தர வேண்டும் என்பது ஜாவாஸ்கிரிப்டின் விதி. வரிசைப்படுத்தும் எஸ்க்யூஎல்லில் பிழை தேடுவதில் பயனில்லை. இடம் முக்கியம் என்றால் பட்டியலாக அனுப்பிவிட்டு, பொருளின் எண்ணை ஒவ்வொரு பொருளுக்குள்ளும் ஒரு புலமாக வைக்க வேண்டும்.

தானாக நகர்ந்துகொள்ளும் பட்டியல்களுக்கு அவற்றுக்கே உரிய வியாதி இருக்கிறது. பைத்தானில் 2, 4, 5 என்ற லிஸ்டில் இரட்டைப்படை எண்களை, அந்த லிஸ்ட்டின் மேலேயே லூப் ஓட்டி ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்கலாம். முதல் சுற்றில் 2 போகும். 4 நகர்ந்து முதல் இடத்துக்கு வரும். லூப்போ இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது. அங்கே இருப்பது 5. முடிவில் மிஞ்சுவது 4, 5. நீக்க வேண்டிய 4 தப்பித்துவிட்டது. பின்னாலிருந்து முன்னால் லூப் ஓட்டுவதும், வேண்டியதை மட்டும் புது லிஸ்டில் சேர்ப்பதும் இதற்கு வழக்கமான மருந்து. பிஎச்பியில் ஃபோர்ஈச்சுக்குள் ‘அன்செட்’ போடுபவருக்கு இந்த வியாதியே கிடையாது. எதுவும் நகராததால் எதுவும் தப்பாது. அந்த ஓட்டைகளுக்கு இப்படி ஒரு நன்மையும் இருப்பதை அதைத் திட்டுபவர்கள் சொல்வதில்லை.

பிரேசிலில் 1993-இல் பிறந்த லுவா மொழியும் பிஎச்பி போலவே ஒரே பாத்திரத்தில் நம்பிக்கை வைத்தது. அதன் பெயர் டேபிள், எண்கள் 1-இல் தொடங்கும். ‘டேபிள்.ரிமூவ்’ நகர்த்தும், நேரடியாக நில் வைத்தால் ஓட்டை. ஓட்டையுள்ள டேபிளின் நீளத்தைக் கேட்டால், எந்த ஓட்டைக்கு முன்னால் நின்று பதில் சொல்வது என்பதை லுவா உறுதியாகச் சொல்லாது. யூனிக்ஸ் உலகின் பாஷ் ஷெல்லிலும் அரேக்கள் ஓட்டையோடு வாழும். எல்லா மதிப்புகளையும் விரித்து அதே பெயருக்குத் திரும்ப ஒப்படைப்பதுதான் அங்கே ‘அரே_வேல்யூஸ்’.

இந்த விஷயத்தை நன்றாக யோசித்துக் கட்டியது பைத்தானின் பாண்டாஸ் நூலகம். வெஸ் மெக்கின்னி 2008-இல் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தபோது அதைத் தொடங்கினார். பங்கு விலைகளில் ஒவ்வொரு எண்ணும் ஒரு தேதிக்குச் சொந்தம். ஒரு பங்குக்குத் திங்கள், செவ்வாய், புதன் விலைகள் இருக்கின்றன. இன்னொன்றுக்குத் திங்கள் விலை இல்லை. இரண்டையும் இடம் பார்த்துக் கூட்டினால் ஒன்றின் திங்கள் மற்றதன் செவ்வாயோடு சேரும். பாண்டாஸ் இடத்தைப் பார்க்காது. இன்டெக்ஸில் உள்ள பெயரைப் பார்த்துச் சேர்க்கும், துணையில்லாத திங்களுக்கு வெற்று மதிப்பு வைக்கும். அதனால்தான் வரிகளை வடிகட்டினாலும், வரிசை மாற்றினாலும், ஒவ்வொரு வரியும் தன் பழைய இன்டெக்ஸைச் சுமந்துகொண்டே போகிறது.

அந்தப் பழக்கம் தெரியாமல் வருபவர் முதல் வாரத்திலேயே மாட்டிக்கொள்வார். ஆயிரம் வரிகளில் மூன்றை வடிகட்டுகிறார். அவற்றின் இன்டெக்ஸ் 0, 3, 7. மூன்று மதிப்புகள் கொண்ட புது சீரிஸ் ஒன்றை நெடுவரிசையாகச் சேர்க்கிறார். அதன் இன்டெக்ஸ் 0, 1, 2. பொருந்துவது 0 மட்டுமே. மற்ற இரண்டும் வெற்றாகின்றன. ‘ரீசெட்_இன்டெக்ஸ்’ போட்டு, பழையதை விட்டுவிடு என்று ‘டிராப்’பும் கொடுத்தால் எண்கள் புதிதாகும், ‘டிராப்’ கொடுக்க மறந்தால் பழைய எண்கள் ஒரு நெடுவரிசையாக வந்து ஒட்டிக்கொள்ளும். ‘ரீஇன்டெக்ஸ்’ என்று ஒன்றும் இருக்கிறது, ஆனால் அது வேறு வேலை: நாம் கொடுக்கும் பெயர்ப் பட்டியலுக்கு ஏற்பத் தரவை வளைத்து, இல்லாததற்கு வெற்று வைக்கும். 2020-இல் வந்த 1.0 பதிப்பு முதல், வரிசைப்படுத்தும்போதே எண்களையும் புதிதாக்கு என்று கேட்க வசதி சேர்ந்தது.

எண்களை மாற்றினால் அவற்றைச் சுட்டுபவர்களின் கதி என்ன என்ற கேள்விக்கு மிகத் தெளிவான பதில் பழைய பேசிக் மொழியில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு வரிக்கும் எண். 10, 20, 30 என்று இடைவெளி விட்டு எழுதுவார்கள், நடுவில் சொருக இடம் வேண்டுமே. இடம் தீர்ந்தால் மைக்ரோசாஃப்ட் பேசிக்கில் ‘ரீநம்’ என்று ஒரு கட்டளை. அது வரி எண்களை மட்டும் மாற்றாது; நிரல் முழுவதும் தேடி, கோட்டூ, கோசப் எங்கெல்லாம் பழைய எண்ணைச் சுட்டுகிறதோ அங்கெல்லாம் புதிய எண்ணை எழுதும். சுட்டிய வரியே இல்லை என்றால் எந்த வரியில் கோளாறு என்றும் சொல்லும். ‘அரே_வேல்யூஸ்’ இதில் பாதியைத்தான் செய்கிறது: எண்ணை மாற்றும், சுட்டுபவர்களைத் தேடாது. 3 என்பதை வேறு வேரியபிளிலோ செஷனிலோ யாரோ குறித்து வைத்திருந்தால், அது இனி வேறு பொருளைக் காட்டும். பேசிக்கிலும் இதற்கு ஓர் எல்லை இருந்தது. பிபிசி பேசிக்கில் கோட்டூவுக்குப் பின்னால் ஒரு கணக்கையே எழுதலாம். அந்தக் கணக்கின் விடையாக வரும் எண்ணை அதன் ‘ரீநம்பர்’ திருத்த முடியாது.

ரியாக்ட் நூலகத்தில் திரைப் பட்டியல் கட்டுபவர்கள் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கீ கொடுக்க வேண்டும். சோம்பலில் அரேயின் இன்டெக்ஸையே கொடுத்துவிடுவது உண்டு. மூன்று வரிகளிலும் பயனர் ஏதோ தட்டச்சு செய்திருக்கிறார். முதல் வரியை நீக்குகிறார். அரே நகர்ந்து புது எண் பெறுகிறது. ரியாக்டின் கண்ணுக்குக் காணாமல் போனது கடைசி எண். ஆகவே முதல் வரியில் தட்டச்சு செய்தது இப்போது இரண்டாம் பொருளுக்கு நேராக நிற்கிறது. தரவிலிருந்து வரும் நிலையான எண்ணைக் கொடுங்கள் என்று ரியாக்டின் ஆவணமே எச்சரிக்கிறது. தரவுத்தளங்களில் தானாக ஏறும் எண்களில் இடைவெளி விழுந்தால் அதை அடைக்கத் துடிக்கும் மேலாளர்களுக்கும் இதே பதில்தான். மற்ற டேபிள்களில் உள்ள சுட்டல்களை, அப்படி அமைத்திருந்தால், தரவுத்தளமே திருத்திக்கொள்ளும். வாடிக்கையாளருக்கு ஏற்கெனவே அச்சடித்துக் கொடுத்த ரசீதில் உள்ள எண்ணை யார் திருத்துவது?

எண்களைப் புதிதாக இடுவதில், அடையாளத்தை அழிப்பதற்கு நேர் எதிரான ஒரு வகையும் உண்டு: இடத்தை எறிந்துவிட்டு அடையாளத்தைக் கீயாக்குவது. தரவுத்தளத்திலிருந்து வரும் வரிகள் 0, 1, 2 என்று வருகின்றன. ஆனால் 417 என்ற வாடிக்கையாளரை உடனே எடுக்க வேண்டும். 2013-இல் வந்த பிஎச்பி 5.5-இல் சேர்ந்த ‘அரே_காலம்’, நடுவில் நல்லும் கடைசியில் எண் புலத்தின் பெயரும் கொடுத்தால், வரிகள் முழுவதையும் அந்த எண்ணின் கீழ் அடுக்கித் தரும். ஒவ்வொரு முறையும் லூப் போட்டுத் தேடும் வேலை மிச்சம். ஒரே எண் இரண்டு வரிகளில் இருந்தால் பிந்தியது முந்தியதை மேலெழுதிவிடும், அதுவும் சொல்லாமல். வாடிக்கையாளர் எண் என்றால் பரவாயில்லை. ஊர்ப் பெயரைக் கீயாக்கினால் ஊருக்கு ஒருவர்தான் மிஞ்சுவார்.

எண்களைப் புதிதாக இட எவ்வளவு செலவாகும் என்ற கவலையும் அடிக்கடி வரும். ‘அரே_வேல்யூஸ்’ஸைப் பொறுத்தவரை அது தேவையற்றது. 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7.0, ஏறுவரிசை எண் கீகள் மட்டுமே உள்ள அரேக்களை ஹாஷ் தேடல் இல்லாமல் நெருக்கமாக அடுக்கி வைக்கத் தொடங்கியது. ஏற்கெனவே ஓட்டை இல்லாத அரேயை ‘அரே_வேல்யூஸ்’ நகலெடுக்காமல் அப்படியே திருப்பித் தருகிறது. 2022-இன் 8.2 பதிப்பு இத்தகைய அரேயில் ஒரு உறுப்புக்கான இடத்தை 32 பைட்டிலிருந்து 16 ஆகப் பாதியாக்கியது. கவலைப்பட வேண்டியது ‘அரே_ஷிஃப்ட்’டைப் பற்றி. முன்னால் ஒன்றை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அது மிச்சம் எல்லாவற்றுக்கும் எண் மாற்றும். லட்சம் பொருள் கொண்ட வரிசையை அப்படிக் காலி செய்தால் எண் மாற்றுவதிலேயே நேரம் போய்விடும். அதற்கென்றே ‘எஸ்பிஎல்கியூ’ இருக்கிறது. ரஸ்ட் மொழி வேறொரு உபாயம் வைத்திருக்கிறது: ‘ஸ்வாப்_ரிமூவ்’ நீக்கிய இடத்தில் கடைசிப் பொருளைத் தூக்கி வைத்துவிடும். ஓட்டையும் இல்லை, நகர்த்தலும் இல்லை; வரிசைதான் குலையும்.

அண்மைக் காலத்தில் காற்று இரண்டையும் பிரிக்கும் பக்கமாக வீசுகிறது. பிஎச்பியிலிருந்து கிளைத்து 2014-இல் ஃபேஸ்புக் வெளியிட்ட ஹேக் மொழி, பின்னாளில் ஒற்றை அரேயை உடைத்து, பட்டியலுக்கு ‘வெக்’, கீயோடு உள்ளதற்கு ‘டிக்ட்’, மதிப்பே கீயான தொகுப்புக்கு ‘கீசெட்’ என்று மூன்றாக்கியது. பிஎச்பி அந்தத் துணிச்சலுக்குப் போகவில்லை. பழைய நிரல்கள் அத்தனையும் அந்த ஒற்றை அரேயின் மேல் நிற்கின்றன. 2021 நவம்பரில் வந்த 8.1 பதிப்பு ‘அரே_ஈஸ்_லிஸ்ட்’ என்ற ஒரு கேள்வியை மட்டும் சேர்த்தது: இந்த அரேயின் கீகள் 0 முதல் ஓட்டையின்றி வரிசையாக இருக்கின்றனவா? ஆம், இல்லை என்று பதில். அதுவரை இதைச் சோதிக்க ஆளுக்கொரு வித்தையை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

நிரலை ஓட்டாமலேயே ஆராயும் பிஎச்பிஸ்டான், சாம் ஆகிய கருவிகள் இன்னும் ஒரு படி முன்னே போயிருக்கின்றன. ஒரு ஃபங்ஷன் பட்டியலைத்தான் திருப்பித் தரும் என்று மேலே கமென்ட்டில் எழுதி வைத்தால், உள்ளே ‘அரே_ஃபில்டர்’ போட்டு ‘அரே_வேல்யூஸ்’ போட மறந்த வரியைக் கண்டுபிடித்துச் சிவப்புக் கோடு இழுக்கும். மொழிக்குள் அந்த வகை இன்னும் வரவில்லை. ஃபங்ஷனின் தலைப்பில் அரே என்று மட்டுமே எழுத முடியும். 0, 1, 2, 3 என்று ஒழுங்காக இருப்பதும் அரே, 0, 1, 3, 4 என்று ஓட்டையோடு இருப்பதும் அரே, 2023, 2024 என்று ஆண்டுகளைச் சுமப்பதும் அரே.